முடிவுகள் இல்லை

காலையில் முதல் வேலையாக
நான் கடலைப் பார்ப்பதில்லை.
எங்கள் படகுக் கம்பெனியின் இணையதளத்தில்
இரவெல்லாம் யார் எதைத் தேடினார்கள் என்று பார்ப்பேன்.
தல்காவே துறையில், வலைக்கடைக்கு மேலே மாடியறை.
விறகடுப்பு. ஒழுகும் ஜன்னல்.

"கடைசி படகு" நாற்பத்தொரு தடவை.
"கடசி படகு" பதினேழு.
பிழையோடு கேட்டாலும் அவசரம் அதே அவசரம்தான்;
அவர்களுக்கும் கதவு திறக்கும்படி செய்தேன்.
"ஆடு." "மெத்தை." "சைக்கிளுக்கு எவ்வளவு."
"மழை" என்று மட்டும் ஒருவர்.
சிலோயே தீவில் இருந்துகொண்டு
அதைத் தேட வேண்டுமா ஐயா?

நேர அட்டவணையை ஐந்து பக்கம் தாண்டி
ஒளித்துவைத்திருந்தோம்.
வெப்ப வரைபடத்தில் சிவப்பாகத் தெரிந்தது:
அத்தனை விரல்களும்
படகின் படத்தையே குத்திக்கொண்டிருந்தன.
அழகுக்கு வைத்த படம்,
அழுத்தினால் ஒன்றும் ஆகாது.
அதன் மேலேயே நேரத்தை எழுதினேன்.
அந்த வாரம் தொலைபேசி பாதியாக அடங்கியது,
ஓர்த்தென்சியா பின்னல் ஊசியைக் கையில் எடுத்துவிட்டாள்.

ஜூலையில் ஒரு நாள்,
"சவப்பெட்டி."
இடம் புந்தா அரேனாஸ். கைபேசி.
இரவு மூன்று பன்னிரண்டு.
எங்கள் தளம் சொன்னது:
முடிவுகள் இல்லை.
மூன்று பதினான்கு, "சவப்பெட்டி படகு."
முடிவுகள் இல்லை.
மூன்று இருபது, "அப்பாவை கெனாக் தீவுக்கு கொண்டுபோக."
முடிவுகள் இல்லை.
கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வரி:
வேறு சொல்லால் தேடிப் பாருங்கள்.
அதை எழுதியவள் நான்தான்.

வேறு எந்தச் சொல்லால்?

படியிறங்கிப் போய்
படகோட்டி வென்ச்சூரிடம் கேட்டேன்.
டீசல் கையைத் துடைத்தபடி சொன்னார்:
"எப்போதும் ஏற்றுவதுதானே.
பின்பக்கம், கம்பளி விரித்து.
காசா? அதற்கு எவன் வாங்குவான்?
எல்லாருக்கும் தெரிந்ததுதான் இது."

எல்லாருக்கும் தெரியும்.
தெற்கே கம்பளி கத்தரிக்கப் போய்
அங்கேயே தங்கிவிட்டவரின்
பிள்ளைக்குத் தெரியாது.

நண்பகலுக்குள் ஒரு பக்கம் போட்டேன். ஏழு வரி.
கட்டணம் இல்லை. கூட வருபவர் நால்வருக்கும் இல்லை.
எந்தத் துறையில், எத்தனை மணிக்கு முன்.
வென்ச்சூரின் எண், இரவிலும் எடுப்பார்.
முதலாளி எவால்தோ பச்சைப் பொத்தான் ஒன்று கேட்டார்,
"இப்போதே முன்பதிவு செய்க."
வைத்தேன்.
அவர் சாப்பிடப் போனதும் எடுத்தேன்.
"இதையும் பாருங்கள்: திமிங்கலச் சுற்றுலா"
என்று தானாக முளைத்த பெட்டியையும்.

மாதக் கடைசி அறிக்கையில்
அந்தப் பக்கம் மட்டும் சிவப்பு.
பார்த்தவர் ஒன்பது பேர்,
எட்டுப் பேர் வேறெதையும் தொடாமல் வெளியேறினர்.
சராசரி தங்கிய நேரம் பதினொரு விநாடி.
"வந்தவன் எல்லாம் ஓடுகிறான்,
எடுத்துவிடு" என்றார் எவால்தோ.
எண் கிடைத்த பிறகும் நின்று
எங்கள் எழுத்துருவை ரசிக்கவா சொல்கிறீர்கள் என்றேன்.
கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன்.
ஓர்த்தென்சியாவின் ஊசி நின்றது.

அந்தக் கைபேசி யாருடையது என்று
எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.
மறுநாள் இரவு இரண்டரைக்கு அதே பக்கம், ஒன்பது விநாடி.
அப்புறம் ஐந்து நாள் ஒன்றுமில்லை.
பிறகு கெனாக் கரையிலிருந்து ஒரு தேடல்:
"திரும்பும் படகு."
அதற்கு எங்களிடம் பதில் இருந்தது, நான்கேகால்.

வென்ச்சூரின் ஈரமான பதிவேட்டில்
அந்த வாரம் வெள்ளிக்கிழமை:
வெங்காயம் பன்னிரண்டு மூட்டை,
ஆள் பத்தொன்பது, கம்பளி ஒன்று.

என் அறிக்கையில்
மீண்டும் வந்தவர்: 1.
அச்செடுத்த தாளில் அதை அடித்து
பென்சிலால் 2 என்று எழுதினேன்.
எவால்தோ பார்த்தார், கேட்கவில்லை.

இன்று காலைப் பட்டியலில்
"கடசி படகு" ஆறு,
"பன்றிக்குட்டிக்கு அரை டிக்கெட்டா" ஒன்று.
முடிவுகள் இல்லை.
வென்ச்சூரைக் கேட்க வேண்டும்.